ஓராண்டு, ஒரு மாவட்டம்: சமூக ஏற்றத்தாழ்வை ஆராய எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

முனைவர் பட்டத்துக்கான தலைப்பைப் பதிவு செய்ய வேண்டிய பருவம் வந்துவிட்டால், சமூகவியல் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் முன்மொழிவுகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கும். ஒரு மாவட்டம், அதில் பத்துக் கிராமங்கள், கிராமத்துக்கு முப்பது பேர், நாற்பது கேள்விகள் கொண்ட வினாநிரல், கடைசியில் சதவீத அட்டவணைகள். கல்வியில் ஏற்றத்தாழ்வு, நில உடைமையில் ஏற்றத்தாழ்வு, பெண்களின் கூலியில் ஏற்றத்தாழ்வு என்று தலைப்பு மட்டும் மாறும். இந்த வடிவத்தை அவர்கள் எடை போட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. துறை நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளில் அது இருந்ததால் கைக்கு வந்துவிடுகிறது. ஓராண்டுக் களப்பணிக்கு மட்டுமே காலமும் பணமும் உள்ள ஒருவர் முன்னால் உண்மையில் வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், அந்த முந்நூறு பேர் வினாநிரல்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏற்றத்தாழ்வு எல்லா இடத்திலும் ஒரே விதமாக ஒளிந்திருப்பதில்லை. எத்தனையாவது வரை படித்தீர்கள், வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வருகிறதா போன்றவை கேட்டால் சொல்லிவிடக்கூடியவை. வேறு சில, எல்லோருக்கும் தெரிந்தும் அந்நியரிடம் யாரும் வாய் திறக்காதவை. இன்னொரு வகை, பாதிக்கப்பட்டவருக்கே தெரியாதது: விண்ணப்பம் போட்டுப் பதில் வராத இளைஞருக்கு, தன் தகுதி போதவில்லையா, தன் பெயர் யாரையோ உறுத்தியதா என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. மற்றொரு வகை, ஒரு தலைமுறை கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஒழியக் கண்ணில் படாது. தான் தேடுவது இவற்றில் எந்த வகை என்பதை மாணவர் முதலில் தீர்மானித்துக்கொண்டால், முறையைப் பற்றிய முடிவில் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும்.

கேட்டால் சொல்லக்கூடியதைக் கேட்பதற்குப் பெரும் மாதிரிக் கணக்கெடுப்பை விஞ்சிய கருவி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு, 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011-12இல் அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றை மீண்டும் தேடிச் சென்று பார்த்தது. ஒரே குடும்பத்தை இரண்டு காலப்புள்ளிகளில் பார்த்த தரவு என்பதால், யார் மேலே ஏறினார்கள், யார் இருந்த இடத்திலேயே நின்றார்கள் என்பதை அதைக்கொண்டு கேட்க முடிகிறது. கேள்வியை வடிவமைப்பதிலும் அந்தக் கணக்கெடுப்பிடம் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு. உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று அது நேராகக் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ உங்களுக்கு ஏற்புடையதா என்று மறுபடியும் கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்களில் தீண்டாமை இருப்பதாகத் தெரியவந்தது. சட்டம் குற்றம் என்று சொல்லும் ஒன்றைப் பற்றிக் கேட்டும் இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இதைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

இந்தத் தரவை எந்த மாணவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அப்படியிருக்க, முந்நூறு பேரிடம் அதே கேள்விகளைத் தானும் கேட்டு என்ன கண்டுபிடித்துவிட முடியும்? முந்நூறில் பட்டியல் சாதியினர் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் பத்து இருக்கலாம், அரசுப் பணியில் உள்ளவர் மூவர் இருக்கலாம். அந்த மூவரை வைத்து எந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டாலும் வாய்மொழித் தேர்வில் அது நிற்காது. தேசியக் கணக்கெடுப்புக்கும் இதே இடர் வேறு அளவில் உண்டு: நாட்டைப் பற்றியும் பெரிய மாநிலங்களைப் பற்றியும் பேசும் வலிமை அதற்கு இருக்கிறது, ஒரு மாவட்டத்துக்கு இறங்கிவிட்டால் இல்லை. ஆகவே அது ஆய்வேட்டின் பின்னணியாக வரலாம். ஆய்வு முழுவதும் அதன்மீதே நிற்க வேண்டுமானால், மாவட்டத்தை விட்டுவிட்டு மாநிலங்களை ஒப்பிடும் கேள்விக்கு மாற வேண்டும். புள்ளியியலில் நல்ல பயிற்சி உள்ளவருக்கு அதுவும் மதிப்பான வழிதான்.

கணக்கெடுப்பு காணத் தவறும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிட்டுக் கடந்து செல்கிறேன். ஒன்று, உச்சியில் இருப்பவர்கள். பெரும் செல்வர் வீட்டு வாசலைத் தாண்டிக் கணக்கெடுப்பாளர் உள்ளே போவது அரிது. வருமான வரி விவரங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பொருளியலாளர்கள், 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் சென்றதாக மதிப்பிட்டபோது காட்சியே மாறிவிட்டது. மற்றொன்று, வீட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு. ஒருமுறை மாணவி ஒருவருடன் களத்துக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த குடும்பத் தலைவர், நகை எவ்வளவு என்ற கேள்விக்கு ஐந்து பவுன் என்றார், மாணவி குறித்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. நாங்கள் தெருமுனைக்கு வந்தபின் அவர் பின்னாலேயே வந்து மாணவியின் கையைப் பிடித்து, "அஞ்சு பவுனும் அடகுலதான் இருக்கும்மா. மூணு வருசமா நூறு நாள் வேலைக் காசுல வட்டிய நான்தான் கட்டிக்கிட்டு வர்றேன்" என்றார். வினாநிரலில் அது ஐந்து பவுன் சொத்துள்ள குடும்பம். அந்தப் பெண்ணின் கணக்கில் மாதந்தோறும் தன் உழைப்பைத் தின்னும் கடன். குடும்பத்தை ஓர் அலகாக வைத்துக் கேட்கும் வரை இந்த வேறுபாடு எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

இப்படிப்பட்டவற்றைக் காண ஒரே வழி, அந்த ஊரிலேயே போய்த் தங்கிவிடுவது. தமிழ்நாட்டுக்கு இதில் மதிப்புமிக்க மரபு உண்டு. மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்தார். பத்தாண்டு கழித்து, 1961-62இல், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அதே மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று தாம் பெயர் மாற்றிக் குறிப்பிட்ட கிராமத்தில் தங்கினார். வர்க்கம், தகுதி, அதிகாரம் என்று ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் பிரித்துக் காட்டிய மூன்றும் அந்த ஊரில் எப்படி இணைந்திருந்தன, எப்படிப் பிரியத் தொடங்கின என்பதை அவருடைய 1965ஆம் ஆண்டு நூல் காட்டுகிறது. முன்பு நிலமும் சடங்கு உயர்வும் ஊர் அதிகாரமும் அக்ரகாரத்தில் ஒரே கையில் இருந்தன. அவர் சென்றபோது ஊராட்சியும் கட்சி அரசியலும் வாக்கு எண்ணிக்கையும் சேர்ந்து அதிகாரத்தைப் பிராமணரல்லாதார் பக்கம் நகர்த்தியிருந்தன. நிலமும் சடங்கும் அதே வேகத்தில் நகரவில்லை. மூன்றும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்பை எந்த வினாநிரலும் தந்திருக்காது. வாக்குச் சேகரிப்பு எப்படி நடக்கிறது, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருகிறார், வழக்கு வந்தால் யாரிடம் போகிறார்கள் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்தது அது.

ஆனால் அதே ஆய்வுதான் இந்த முறையின் பெரிய இடரையும் காட்டுகிறது. பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில், பிராமணர் வீடொன்றில். அங்கே தங்கியதால் ஊர் அவரை அக்ரகாரத்து மனிதராகவே பார்த்தது. ஆதிதிராவிடர் குடியிருப்போடு அதே நெருக்கத்தில் பழக அவருக்கு வாய்க்கவில்லை. இதை அவரே வெளிப்படையாக எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. படிக்கும் நமக்கோ, மேலிருந்து பார்த்த ஊரும் கீழிருந்து பார்த்த ஊரும் ஒன்றல்ல என்பதற்கு அது எச்சரிக்கை. ஓர் ஊர் மாவட்டத்துக்குப் பிரதிநிதியாகாது என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். ஸ்ரீபுர ஆய்வு நூலாக வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், அதே தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். டெல்டாவின் ஒரு பகுதியில் கண்டதைக்கொண்டு மறு பகுதியின் கொதிப்பை ஊகித்திருக்க முடியாது.

இந்த இடர்களையெல்லாம் மீறி, ஊரில் தங்குவதற்கு மாற்று இல்லை என்று நான் எண்ணுவதற்குக் காரணம் ஒரு தேநீர்க் கடை. சாதிக்கேற்பத் தனிக் குவளை தரும் இரட்டைக் குவளை முறை இங்கே இருக்கிறதா என்று ஓர் ஊரில் கேட்டபோது, "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று கடைக்காரரும் வாடிக்கையாளர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். வினாநிரலில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி விழுந்தது. என் மாணவர் ஒருவர் மூன்று வாரம் காலையும் மாலையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். ஊர்த் தெருவிலிருந்து வந்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. காலனியிலிருந்து வந்தவர்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, பேப்பர் கப். வெளியூர்ப் பயணிகள் சிலருக்கும் பேப்பர் கப்தான் என்பதால், அது சுகாதாரத்துக்காக என்று சொல்ல இடமிருந்தது. வாங்கியவர்கள் எதுவும் சொல்லாமல், பெஞ்சில் இடமிருந்தும் உட்காராமல், சாலையோரம் நின்று குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு குவளை அங்கே உண்மையிலேயே இல்லை. கேள்வி பழைய வடிவத்தில் நின்றுவிட்டது, பழக்கம் வேறு உருவத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பாதிக்கப்பட்டவருக்கே தெரியாத ஏற்றத்தாழ்வுக்கு ஊரில் தங்குவதும் உதவாது. அதற்கென்று உள்ளது விண்ணப்பச் சோதனை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து, 548 தனியார் பணியிடங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒப்பானவை, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஒரு மேலாளரைக்கூடப் பேட்டி காணாமல், யாருடைய மனத்துக்குள்ளும் நுழைந்து பார்க்காமல், பாகுபாட்டை எண்ணாகவே நிறுவிய ஆய்வு அது. 2009இல் வெளியான இன்னொரு சோதனை, தில்லிப் பகுதியில் மென்பொருள் பணிகளில் சாதிப் பெயரால் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அழைப்பு மையப் பணிகளில் கண்டது. எந்தத் துறையில் எந்தக் கதவு மூடுகிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு எந்த முறையாலும் இயலாது.

இதைப் படித்துவிட்டு உற்சாகத்தோடு வந்து, சென்னையிலோ கோவையிலோ இதையே செய்யலாம் என்று கேட்கும் மாணவர்களிடம் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: எந்தப் பெயரை எழுதுவீர்கள்? வடஇந்தியாவில் குடும்பப் பெயர் சாதியைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொன்னது. அந்த இயக்கத்தின் விளைவாக நம் பெயர்களுக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது, பின்னால் எதுவும் இல்லை. ம. கார்த்திக் என்ற பெயரிலிருந்து சாதியைப் படிக்க முடியாது. மதத்தைப் படிக்கலாம், ஆகவே முஸ்லிம், கிறித்தவப் பெயர்களுக்கு இந்தச் சோதனை இங்கும் பயன்படும். சாதியைப் பொறுத்தவரை, இங்கே வடிகட்டல் நேர்காணல் அறையில் நடக்கிறது: சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்ற கேள்விகளில். அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்ரின் நியூமனும் தில்லியில் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய நேர்காணல்கள் இந்த வகைக் கேள்விகளின் கனத்தை நன்றாக வெளிக்கொணர்ந்தன. உங்கள் குடும்பப் பின்னணி என்ன என்று கேட்கப்படும்போது தலித் மாணவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது அவற்றில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டை ஆராய விரும்புபவர் பெயர்ச் சோதனையை விட்டு, வளாக நேர்காணலுக்குப் போய்வந்த நாற்பது ஐம்பது பட்டதாரிகளிடம் ஆற அமர உட்கார்ந்து பேசுவதே தக்கது. இல்லாத விண்ணப்பதாரரை உண்டாக்கி நிறுவனங்களின் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு அறநெறிக் குழுவின் அனுமதி பெறும் சிக்கலும் அதில் இல்லை.

ஆவணங்களைப் பற்றி மாணவர்கள் யாரும் கேட்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். நிலம் பற்றிய ஆய்வு என்றால் வருவாய்க் கிராமத்தின் நில ஆவணங்களான அ-பதிவேடும் சிட்டாவும் அடங்கலும் எந்தத் தகவலாளியையும்விடக் கூடுதலாகச் சொல்லும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்டோர் நிலை குறித்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஆணையால் அவர்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், இன்று எந்தப் புல எண்ணில் யார் பெயரில் இருக்கின்றன என்பது கேட்டால் கிடைக்கும் விடையன்று. பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கமாக விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்டால் கிடைப்பது. ஆனால் பதிவேடு பெயரைத்தான் சொல்லும். குத்தகைக்கு உழுபவர் யார், அடமானத்தில் போனது எது என்பதை அது சொல்லாது. சாதி பற்றிய அரசின் எண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. 1931 கணக்கெடுப்பில் 4,147 சாதிகள் பதிவாயின. 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதிப் பெயர்கள் வந்து விழுந்ததாக அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. குலம், பட்டம், ஊர்ப்பெயர், எழுத்துப் பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாகிவிட்டால் இப்படித்தான் ஆகும். வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்பது நல்ல செய்தி. அந்த எண்கள் வரும்வரை ஆய்வேட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இத்தனையையும் வைத்துப் பார்த்தபின், ஓராண்டும் ஒரு மாவட்டமும் மட்டுமே கையில் உள்ள மாணவருக்கு நான் பரிந்துரைப்பது மறு ஆய்வு: முன்பே நன்றாக ஆராயப்பட்ட ஓர் ஊருக்குத் திரும்பிப் போவது. தனி ஒருவரின் ஓராண்டு உழைப்பைப் பல பதிற்றாண்டுகளின் நீளத்துக்கு நீட்டித் தரும் வழி இது ஒன்றே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி விவரம் சேகரித்து வரச் செய்தார். மாணவர்கள் செய்த வேலை அது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் 1936-37இல் தாமஸ், ராமகிருஷ்ணன் ஆகியோரால் மீண்டும் ஆராயப்பட்டன. விழுப்புரம் பகுதியிலுள்ள இருவேல்பட்டுக்கு அதன்பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்; ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவரும் 2008 வரையிலான கதையை எழுதினார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் வந்துவிடவில்லை, ஆனால் நிலவுடைமையாளரை நம்பித்தான் உலை வைக்க வேண்டும் என்ற பிடி தளர்ந்துவிட்டது. அதில் நியாய விலைக் கடைக்கும் நூறு நாள் வேலைக்கும் ஊருக்கு வெளியே கிடைத்த கூலிக்கும் பங்கு உண்டு என்பது அந்த நெடிய தொடரிலிருந்து தெரிகிறது. ஒரே ஆண்டில் மட்டும் போய்ப் பார்ப்பவர் நிலம் பரவாததை மட்டும் கண்டு ஒன்றும் மாறவில்லை என்பார், அல்லது கூலி உயர்ந்ததை மட்டும் கண்டு எல்லாம் மாறிவிட்டது என்பார்.

மறு ஆய்வுக்கும் நிபந்தனைகள் உண்டு. கஃப், பெத்தேய் போன்றோர் ஊர்ப் பெயரை மறைத்து எழுதியிருப்பதால், அடையாளம் காண முடிந்தாலும் அதை வெளியிடுவது சரியா என்ற கேள்வி எழும். ஸ்லேட்டர் ஊர்களுக்கு அந்தத் தடை இல்லை. பழைய ஆய்வாளர் கேட்காத கேள்விக்குப் பழைய விடையும் இருக்காது. 1916இன் மாணவர்கள் நிலத்தையும் விலையையும் கடனையும் கவனமாக எழுதினார்கள், பெண்களின் உழைப்பை நாம் இன்று கேட்கும் விதத்தில் கேட்கவில்லை. ஆகவே பழைய அட்டவணைகளை அப்படியே மறுபடியும் நிரப்ப ஒரு முழு ஊர்க் கணக்கெடுப்பு. மாதிரி எடுக்காமல் எல்லா வீட்டையும், வீட்டில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக. அதற்கு மூன்று மாதம் போதும். பதிவேடுகளுக்கு ஒரு மாதம். மீதி எட்டு மாதம் அங்கேயே இருப்பதற்கு. வினாநிரலை முதல் மாதத்தில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான்காம் மாதத்தில் போனால், பேப்பர் கப்பைப் பற்றிக் கேட்கத் தெரிந்திருக்கும்.

எங்கே தங்குவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஊராட்சித் தலைவரோ பள்ளித் தலைமையாசிரியரோ அன்போடு ஊர்த் தெருவில் ஓர் அறை பார்த்துத் தருவார்கள். அதை ஏற்றுக்கொண்ட மறுநாளே காலனியில் உங்களைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டிருக்கும். காலனியில் வீடு எடுத்தால் ஊர்த் தெருவில் சில கதவுகள் திறக்கத் தாமதமாகும், ஆனால் திறக்கும், ஏனெனில் படித்த பிள்ளையிடம் தங்கள் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு எப்போதும் விருப்பம் உண்டு. ஊர்த் தெருவில் தங்கியவருக்குக் காலனிக் கதவுகள் அப்படித் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் இயலாவிட்டால், இரு பக்கத்துக்கும் பொதுவான நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஓர் அறை கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து தினமும் காலையில் எந்தப் பக்கம் முதலில் நடக்கிறீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.